நம் மெட்டு நம்முடையதுதானா?



திருவிழா நெருங்கினால் நம் பங்குகளில் புதுப் பாடல்கள் பிறக்கின்றன. பாதுகாவலரின் கொடியேற்றத்திற்கு ஒன்று, புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு ஒன்று, அருள்தந்தை ஒருவரின் வெள்ளிவிழாவுக்கு ஒன்று என்று பாடகர் குழுவின் இளைஞர்களே எழுதி இசையமைக்கிறார்கள். முன்பெல்லாம் அந்தப் பாடல் கோவிலுக்குள் பாடப்பட்டு அங்கேயே நின்றுவிடும். பிறகு ஒலிநாடா வந்தது, குறுந்தகடு வந்தது. இப்போது காலைத் திருப்பலியில் பாடியது மாலைக்குள் யூடியூபில் இருக்கிறது. பாட்டு எவ்வளவு தூரம் போகிறதோ, "இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே" என்ற பேச்சும் அவ்வளவு தூரம் பின்னாலேயே போகிறது.

சினிமா மெட்டை எடுத்துச் சொற்களை மட்டும் மாற்றிப் பாடும் பழக்கத்தைப் பற்றி இங்கே எழுதவில்லை. அது தெரிந்தே செய்வது. அதற்கு விளக்கம் தேவையில்லை, நிறுத்தினால் போதும். யாருடைய மெட்டையும் எடுக்க வேண்டும் என்று கனவிலும் நினைக்காத ஒருவர், செபித்து, உழைத்து, ஒரு பாடலை அமைக்கிறார். அது வேறொருவருடைய பாடலாக இருந்துவிடுகிறது. இது நடக்குமா? நடக்கும். உலகம் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அதிலும் அது ஒரு பக்திப் பாடல்!

பீட்டில்ஸ் குழுவைச் சேர்ந்த ஜார்ஜ் ஹாரிசன் 1970இல் 'மை ஸ்வீட் லார்ட்' என்ற பாடலை வெளியிட்டார். இறைவனைக் காண ஏங்கும் ஓர் உள்ளத்தின் பாடல் அது. அல்லேலூயா என்ற நம் சொல்லும் கிருஷ்ணரைப் போற்றும் மந்திரமும் அதில் அடுத்தடுத்து வரும். பாடல் பல நாடுகளில் முதலிடம் பிடித்தது. அடுத்த ஆண்டே வழக்கு வந்தது. 1963இல் தி ஷிஃபான்ஸ் என்ற பெண்கள் குழு பாடிப் புகழ்பெற்ற 'ஹீ இஸ் ஸோ ஃபைன்' என்ற காதல் பாட்டின் மெட்டுதான் இது என்பது குற்றச்சாட்டு. அந்தப் பாட்டை இயற்றிய ரானி மாக், பாட்டு புகழ்பெற்ற ஆண்டிலேயே இறந்துவிட்டார். வழக்குத் தொடுத்தது உரிமை பெற்றிருந்த நிறுவனம்.

நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்கை விசாரித்த நீதிபதி ரிச்சர்ட் ஓவன் தாமே ஓர் இசையமைப்பாளர். ஆகவே மெட்டைச் சுரம் சுரமாகப் பிரித்துப் பார்த்தார். அவர் கண்டதை நம் சுரங்களில் எளிதாகச் சொல்லிவிடலாம். முதல் துண்டு 'ப க ரி'. அடுத்த துண்டு மேல் சட்சத்தைத் தொட்டு வரும் 'ப த ச த ச'. பழைய பாட்டில் முதல் துண்டு நான்கு முறை வரும். பிறகு இரண்டாம் துண்டு நான்கு முறை வரும். இரண்டாம் துண்டின் இரண்டாவது சுற்றில் மட்டும் 'ப த ச த ரி ச' என்று ஒரு சிறு ரிஷபம் உரசிப்போகும். ஹாரிசனின் பாட்டிலும் முதல் துண்டு நான்கு முறை வருகிறது. இரண்டாம் துண்டு மூன்று முறை வருகிறது. நான்காவதற்குப் பதிலாக அதே அளவுக்கு வேறோர் இசை நிரப்புகிறது. அந்தச் சிறு ரிஷபமோ அதே இரண்டாவது சுற்றில், அதே இடத்தில் இருக்கிறது.

கர்நாடக இசை கற்றவர்கள் இதற்குள் சிரித்திருப்பார்கள். ச ரி க ப த என்றால் அது மோகனமாயிற்றே! மோகனத்தில் பாடுகிறவர் யாரும் இந்த வழியாகப் போகத்தானே வேண்டும்? உண்மைதான். இந்தத் துண்டுகள் எவையும் புதியவை அல்ல என்று நீதிபதியும் ஒப்புக்கொண்டார். ஆனால் துண்டுகள் எந்த வரிசையில், எத்தனை முறை அடுக்கப்பட்டன என்பது மிகவும் தனித்தன்மை உடையது என்றார். எல்லோரும் ஒரே செங்கல்லைத்தான் வாங்குகிறோம். ஆனால் கட்டிய வீடு அதன் வாசலோடும் சன்னலோடும் அப்படியே அடுத்தவர் வீடாக இருந்தால், செங்கல் பொது என்ற வாதம் உதவாது.

ஹாரிசன் திருடினாரா? நீதிபதி அப்படிச் சொல்லவில்லை. ஒரு பழைய திருப்பாடலைத் தழுவிய 'ஓ ஹாப்பி டே' என்ற பாடலே தமக்குத் தூண்டுதலாக இருந்தது என்று ஹாரிசன் சாட்சி சொன்னார். கித்தாரில் இரண்டு இசைவுகளை மாற்றி மாற்றி மீட்டிக்கொண்டு அல்லேலூயா என்று பாடிப் பார்த்தபோது பாடல் உருவானதாக விளக்கினார். நீதிபதி அவருடைய நேர்மையைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் பழைய பாட்டு 1963இல் இங்கிலாந்திலும் நன்றாக ஒலித்த பாட்டு. ஹாரிசன் அதைக் கேட்டிருந்தார். நினைவின் அடியில் கிடந்த அந்த மெட்டு மேலே வந்தபோது, 'இது நன்றாயிருக்கும், மக்கள் விரும்புவார்கள்' என்று உள்ளம் சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே மக்கள் விரும்பிய மெட்டுதானே அது! ஆழ்மனம் செய்த நகலும் நகலே என்று 1976இல் தீர்ப்பு வந்தது. 1981இல் இழப்பீட்டுத் தொகை கணக்கிடப்பட்டபோது அது ஏறக்குறைய 16 இலட்சம் டாலராக இருந்தது. இதற்கிடையில் ஹாரிசனின் முன்னாள் மேலாளரே 5,87,000 டாலர் கொடுத்து அந்தப் பழைய பாட்டின் உரிமையை வாங்கி எதிர்த்தரப்பில் போய் நின்றுகொண்டதால், நீதிமன்றம் அந்த 5,87,000 மட்டும் கொடுத்தால் போதும் என்றது. யூதாசு முப்பது வெள்ளிக்காசோடு நின்றுவிட்டான்!

இந்த ஒரு வழக்கிலிருந்தே நாம் அறிய வேண்டிய பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது. நகல் என்று சொல்ல இரண்டு பார்க்கப்படுகின்றன: பழைய பாட்டைக் கேட்கும் வாய்ப்பு உங்களுக்கு இருந்ததா? இரண்டு பாடல்களும் முக்கியமான பகுதியில் ஒத்திருக்கின்றனவா? எண்ணம் நல்லதா கெட்டதா என்பது அதற்குப் பிறகுதான்.

நம் நாட்டில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. ஒரு பாடலில் இரண்டு சொத்துகள் இருப்பதாக அச்சட்டம் காண்கிறது: சொற்கள் இலக்கியப் படைப்பு, மெட்டு இசைப் படைப்பு. இரண்டுக்கும் உரிமையாளர் வெவ்வேறாக இருக்கலாம். ஆசிரியர் வாழும் நாள் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்குப் பின் இன்னும் 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். எங்கும் பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு. பாடலை எழுதிவைத்த உடனே, பதிவுசெய்த உடனே அது பிறந்துவிடுகிறது. தெரிந்தே மீறியவருக்குச் சிறைத்தண்டனை வரை உண்டு. தெரியாமல் மீறியவருக்கு அது இல்லை. ஆனால் பாட்டை நிறுத்தச் சொல்லி ஆணை வரும், இழப்பீடும் வரலாம். 'அந்தப் பாட்டுக்கு உரிமை இருந்ததே தெரியாது, அப்படி நினைக்கக் காரணமும் இல்லை' என்று நிரூபிப்பவருக்குச் சட்டம் சலுகை காட்டுகிறது. ஆயினும் அவரும் பாட்டை நிறுத்த வேண்டும். கிடைத்த இலாபத்தைத் தர வேண்டியும் வரலாம். நேற்று வெளிவந்த பாட்டைப் பற்றி அப்படிச் சொல்லி யாரும் தப்ப முடியாது.

இதைப் படித்துவிட்டு ஆர்மோனியத்தை மூடி வைத்துவிடாதீர்கள். யாருக்கும் சொந்தமில்லாதவை ஏராளம் உண்டு. இராகம், தாளம், எல்லோரும் பயன்படுத்தும் இசைவு வரிசைகள், ஒரு சிந்தனை, ஒரு விவிலிய நிகழ்வு ஆகியவற்றுக்கு யாரும் வேலி போட முடியாது. அமெரிக்காவில் ஃபிளேம் என்ற கிறிஸ்தவப் பாடகர், கேட்டி பெரியின் 'டார்க் ஹார்ஸ்' பாட்டில் தம் 'ஜாய்ஃபுல் நாய்ஸ்' பாடலின் எட்டுச் சுரத் துண்டு இருக்கிறது என்று வழக்குத் தொடுத்தார். காந்தாரத்தை நான்கு முறை தட்டிவிட்டு ரிஷபத்துக்கு இறங்கும் எளிய துண்டு அது. 2019இல் நடுவர் குழு 27 இலட்சம் டாலருக்கு மேல் தரச் சொன்னது. அடுத்த ஆண்டே நீதிபதி அதை மாற்றினார். 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், இது இசையின் பொதுக் கட்டுமானப் பொருள், ஒருவருக்கு மட்டும் கொடுக்க முடியாது என்றது.

நம் நாட்டில், 2025 ஏப்ரலில், 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகத்தின் பாடல் ஒன்று தாகர் குடும்பத்தாரின் சிவ ஸ்துதியை ஒத்திருக்கிறது என்று தில்லி உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி இடைக்கால ஆணை பிறப்பித்தார். இராகம் பொது, ஆனால் அந்த இராகத்தில் அமைந்த குறிப்பிட்ட உருப்படிக்கு உரிமை இருக்க முடியும் என்பது அவர் கருத்து. அதே ஆண்டு செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த ஆணையை விலக்கியது. ஒரு பாடலைப் பாடினார்கள் என்பதாலேயே அதை இயற்றியவர்கள் அவர்கள்தான் என்று முடிவுகட்ட முடியாது என்பது அமர்வின் பார்வை. கற்றறிந்த நீதிபதிகளே இப்படி மாறுபடும் துறை இது என்பதைக் காட்டவே இதைச் சொல்கிறேன். எட்டு சுரம் வரை எடுக்கலாம், ஏழு வினாடி வரை எடுக்கலாம் என்று சிலர் உறுதியாகச் சொல்வார்கள். அப்படி ஒரு கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை. 2008இல் ஒரு கைப்பேசி விளம்பரத்துக்காக ராம் சம்பத் அமைத்த சிறு இசைத்துண்டு 'கிரேசி 4' என்ற இந்திப் படப் பாடல்களில் வந்தபோது மும்பை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. துண்டு சிறியதுதான், ஆனால் பாட்டின் உயிரே அதில் இருந்தது.

அப்படியானால் எது நகல் என்று யார் சொல்வது? உச்ச நீதிமன்றம் 1978இல் ஒரு நாடகம் தொடர்பான வழக்கில் நல்ல அளவுகோல் ஒன்றைக் கொடுத்தது: இரண்டையும் பார்த்த சாதாரண மனிதருக்கு, இது அதன் நகல் என்ற ஐயமற்ற எண்ணம் வருகிறதா என்று பாருங்கள். பாடலுக்கு இதைப் பொருத்தினால், கீபோர்டு வாசிக்கும் தம்பியைவிட முன்வரிசையில் உட்கார்ந்து நாற்பது ஆண்டாகப் பாடல்களைக் கேட்டுவரும் பாட்டிதான் சிறந்த நீதிபதி. அவர் இரண்டாம் அடி முடிவதற்குள் சொல்லிவிடுவார்.

பால் மெக்கார்ட்னி இதைத்தான் செய்தார். அவரும் ஹாரிசனின் குழுவைச் சேர்ந்தவரே. ஒரு நாள் தூங்கி எழும்போது ஒரு மெட்டு முழுமையாக அவர் மனதில் இருந்தது. இவ்வளவு எளிதாக வந்ததால் இது வேறு யாருடையதோ என்று அவருக்குச் சந்தேகம். பல வாரங்கள் இசை தெரிந்தவர்களிடமெல்லாம் பாடிக்காட்டி, இது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். காவல் நிலையத்தில் பொருளை ஒப்படைத்துவிட்டு யாராவது உரிமை கோருகிறார்களா என்று காத்திருப்பதைப் போல. அதுவரை 'முட்டைப் பொரியல்' என்று ஏதோ விளையாட்டுச் சொற்களைப் போட்டுப் பாடிக்கொண்டிருந்தார். யாரும் உரிமை கோரவில்லை. அதுதான் 1965இல் வெளிவந்த 'யெஸ்டர்டே'. எளிதாக வரும் மெட்டைச் சந்தேகிக்க வேண்டும் என்று நம் இளைஞர்களுக்குச் சொல்வேன். அருள்வாக்கு போல வந்தது என்று நாம் மகிழ்வது பல நேரங்களில் நினைவாக இருக்கிறது.

இன்று ஒரு வசதியும் உண்டு. கூகுள் செயலியில் 2020 முதல் மெட்டை முணுமுணுத்தாலே ஒத்த பாடல்களைத் தேடித் தரும் வசதி இருக்கிறது. அதில் பாடிப் பாருங்கள். ஆனால் ஒரு மறைவட்டத்துக்குள் மட்டும் பாடப்படும் நம் பழைய ஞானப்பாடல்கள் அதில் அகப்படும் என்று நம்பியிருக்க வேண்டாம், அதற்குப் பாட்டிதான். மெட்டை அமைக்கும்போதே கைப்பேசியில் பதிந்து வைத்துக்கொள்வதும் நல்லது. முதலில் எப்படி இருந்தது, பிறகு எப்படி மாறியது என்பதற்குத் தேதியுடன் சான்று இருக்கும். எட் ஷீரன் என்ற ஆங்கிலப் பாடகர் 2022இல் இத்தகைய வழக்கு ஒன்றில் வென்ற பிறகு, தாம் பாடல் எழுதும் நேரங்களையெல்லாம் காணொளியாகப் பதிவு செய்துவைப்பதாகச் சொன்னார்.

நம் தமிழ்ப் பாடல்களில் இன்னொரு கண்ணி உண்டு. அது சந்தம். எழுதுகிறவர் தமக்குப் பிடித்த ஒரு பாட்டை மனதில் வைத்து அதன் அளவுக்கே சொற்களை எழுதுகிறார். பிறகு அதைக் குழுவிடம் கொடுத்து, புது மெட்டு போடுங்கள் என்கிறார். எந்தப் பாட்டை வைத்து எழுதினார் என்பதைச் சொல்வதில்லை. ஆனால் பழைய மெட்டின் எலும்புக்கூடு அந்தச் சொற்களுக்குள் இருக்கிறது. நீளும் இடம், நிற்கும் இடம், ஏறும் இடம் எல்லாம் முன்பே தீர்மானமாகிவிட்டன. இசையமைப்பவர் அறியாமலே அந்தத் தடத்தில் நடந்துவிடுகிறார். ஆகவே எழுதுகிறவர் எந்தப் பாட்டின் சந்தத்தில் எழுதினேன் என்று சொல்லிவிட வேண்டும். ஒற்றுமை தெரியவந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக இரண்டு சுரங்களை மாற்றி ஒப்பேற்றுவதில் பயனில்லை. பல்லவியின் எடுப்பையே மாற்ற வேண்டும். பல நேரங்களில் முதல் அடியின் சொற்களை மாற்றினாலே மெட்டும் தானாக வேறு வழி பிடிக்கும்.

பொதுச்சொத்து என்று நாம் நினைப்பவை எல்லாம் பொதுச்சொத்து அல்ல. ஆங்கிலத் திருப்பலியில் பாடப்படும் புனித பிரான்சிசு அசிசியாரின் அமைதிச் செபப் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டுப் புனிதரின் பாடல்தானே என்று மெட்டை அப்படியே தமிழில் கொண்டுவருவோர் உண்டு. அந்தச் செபமே 1912இல்தான் ஒரு பிரெஞ்சு இதழில் முதன்முதலில் அச்சில் தோன்றியது. பாடலாக அமைத்தவர் செபாஸ்டியன் டெம்பிள்; ஆண்டு 1967. அவர் இறந்தது 1997இல். மறுபுறம், 1818இல் ஃபிரான்ஸ் சேவர் குரூபர் மெட்டமைத்த 'சைலன்ட் நைட்' மெட்டு யாவருக்கும் பொது. ஆனால் அதன் தமிழ் மொழிபெயர்ப்பு அண்மைக் காலத்தில் ஒருவர் செய்தது என்றால் அந்தச் சொற்கள் அவருடையவை. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பின் திருப்பாடல் வரிகளுக்கும் அதே நிலைதான். தாவீது அரசரின் காலம் முடிந்துவிட்டது, மொழிபெயர்ப்பாளர்களின் காலம் முடியவில்லை. மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1889இல் மறைந்தவர். அவருடைய கீர்த்தனைகளைத் தயக்கமின்றிப் பாடலாம்.

கணினியில் கிடைக்கும் ஆயத்தத் தாளத் துண்டுகளை வாங்கிச் சேர்ப்பவர்கள் அதன் உரிம நிபந்தனையை ஒருமுறை படித்துவிடுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலியில் சொற்களைக் கொடுத்தால் பாட்டாகவே வந்துவிடுகிறதே என்கிறார்கள். அது எந்தப் பாடல்களைக் கேட்டுப் பழகியது என்பது நமக்குத் தெரியாது. 2024இல் அமெரிக்காவின் பெரிய ஒலிப்பதிவு நிறுவனங்கள் இத்தகைய இரண்டு செயலிகள்மீது வழக்குத் தொடுத்தன. தெரியாத சமையலறையிலிருந்து வரும் உணவைப் பந்தியில் வைக்க நான் விரும்பமாட்டேன்.

"சாமி, கோவிலில் பாடுவதற்குக்கூட அனுமதி வேண்டுமா?" என்று கேட்பீர்கள். சட்டத்தின் 52ஆம் பிரிவு உண்மையான சமயச் சடங்கின்போது பாடுவதற்கு விலக்கு அளிக்கிறது. திருமண ஊர்வலத்தையும் அதோடு சேர்த்திருக்கிறது. ஆகவே திருப்பலியில் பாடுவதற்குத் தடையில்லை. அதே பாட்டைப் பதிவுசெய்து குறுந்தகடாக விற்பதும், யூடியூபில் ஏற்றி வைப்பதும், பாடல் புத்தகத்தில் அச்சிடுவதும் சடங்கு அல்ல. பெரும்பாலான சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

எனக்குத் தெரிந்த உபதேசியார் ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஆனால் அவர் கட்டிய மாதா பாடல்களை அந்த வட்டாரமே பாடியது. அவர் மறைந்த சில ஆண்டுகளில் அவற்றில் ஒன்று வேறொருவர் பெயருடன் ஒலிநாடாவில் வந்தது. வெளியிட்டவர் கெட்டவர் அல்ல. சிறுவயதில் கேட்டது தம் சொந்த மெட்டு என்றே நம்பிவிட்டார். உபதேசியாரின் மனைவி என்னிடம் பணம் எதுவும் கேட்கவில்லை. "அவர் பேரு மட்டும் போட்டிருக்கலாமே சாமி" என்றார். சட்டமும் அந்த அம்மாவின் பக்கம்தான். உரிமையை விற்றுவிட்டாலும்கூட, தம் படைப்புக்குத் தம் பெயர் வேண்டும் என்று கேட்கும் உரிமை ஆசிரியரை விட்டு நீங்காது என்று 57ஆம் பிரிவு சொல்கிறது. அவருக்குப் பின் அவருடைய வாரிசுகளும் அதைக் கேட்கலாம்.

வெளியிட்ட பிறகு ஒற்றுமை தெரியவந்தால் என்ன செய்வது? அறநெறி இறையியலில் நல்லெண்ணத்துடன் வைத்திருப்பவர் என்று ஒரு நிலையைச் சொல்வார்கள். பிறர் பொருளைத் தம்முடையது என்று உண்மையாகவே நம்பி வைத்திருப்பவரிடம் பாவம் இல்லை. ஆனால் உண்மை தெரிந்த நாளோடு அந்த நிலை முடிந்துவிடுகிறது. அன்றிலிருந்து திருப்பிக் கொடுக்கும் கடமை தொடங்குகிறது. ஆகவே யாராவது சுட்டிக்காட்டினால் கோபப்படாதீர்கள். "நான் அந்தப் பாட்டைக் கேட்டதே இல்லை" என்று சத்தியம் செய்யவும் வேண்டாம். இரண்டையும் அருகருகே வைத்துக் கேளுங்கள். ஒத்திருந்தால் பதிவை நிறுத்திவையுங்கள். உரியவரைத் தேடிப் போங்கள். பெயர் சேர்ப்பதா, மெட்டை மாற்றுவதா, பங்கு கொடுப்பதா என்று பேசி முடித்து எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய இடங்களிலும் இது அமைதியாக முடிந்திருக்கிறது. 2014இல் வெளிவந்த சாம் ஸ்மித்தின் 'ஸ்டே வித் மீ' பாட்டின் பல்லவி, டாம் பெட்டியும் ஜெஃப் லின்னும் 1989இல் வெளியிட்ட ஒரு பாட்டைப் போல் இருந்தது. ஸ்மித் தரப்பினர் அந்தப் பழைய பாட்டை அறிந்திருக்கவில்லை என்றார்கள். ஒற்றுமையை மறுக்கவில்லை. நீதிமன்றம் போகாமலே மூத்தவர்கள் இருவரின் பெயரும் ஆசிரியர் வரிசையில் சேர்க்கப்பட்டது. வருவாயில் ஆளுக்கு 12.5 விழுக்காடு என்று முடிவாயிற்று. பாட்டு எழுதுகிறவர்களுக்கு இது நேர்வதுதான், தமக்கு வருத்தமில்லை என்று பெட்டி சொல்லிவிட்டார்.

அடுத்த முறை பங்கின் பாடல் புத்தகத்தை மறுபதிப்புச் செய்யும்போது ஒவ்வொரு பாடலின் கீழும் எழுதியவர், மெட்டமைத்தவர், ஆண்டு ஆகிய மூன்றையும் சேருங்கள். தெரியாத இடத்தில் கோடிட்டு விட்டு, தெரிந்தவர்கள் பங்கு அலுவலகத்தில் சொல்லும்படி ஒரு குறிப்புப் போடுங்கள். அச்சுக்கு அனுப்பும் முன் முதியவர்கள் சிலரை ஒரு மாலை வரவழைத்து, புதுப் பாடல்களை ஒவ்வொன்றாகப் பாடிக்காட்டுங்கள்.